தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் இரண்டு?

உங்கள் நிலப்படப் புத்தகத்தில் தென் அமெரிக்கக் கண்டம் உள்ள பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பக்கம், அட்லாண்டிக் கடலை ஒட்டி, அர்ஜென்டினாவின் தலைநகர் புவனோஸ் அயர்ஸ் இருக்கிறது. அதே உயரத்தில் மேற்கே விரலை நகர்த்திக்கொண்டே போனால், பசிபிக் கடலை நெருங்கும் இடத்தில் சிலி நாட்டின் தலைநகர் சான்டியாகோ தென்படும். இரண்டுக்கும் நடுவே முதலில் பரந்த புல்வெளிச் சமவெளி. பிறகு திடீரென்று சுவர் எழுப்பியதுபோல ஆண்டிஸ் மலைத்தொடர். அந்தச் சுவரின் மிக உயர்ந்த சிகரமான அக்கன்காகுவா 6,961 மீட்டர் உயரம் உடையது.

இந்த இரு நகரங்களுக்கும் இடையே தினமும் ஜெட் விமானங்கள் பறக்கின்றன. அவற்றின் கால அட்டவணையைப் பார்த்தால் ஒரு விந்தை தெரியும். புவனோஸ் அயர்ஸிலிருந்து சான்டியாகோ போக ஏறத்தாழ இரண்டேகால் மணி முதல் இரண்டரை மணி வரை ஆகிறது. அங்கிருந்து திரும்பி வர ஏறத்தாழ இரண்டு மணி நேரமே போதுகிறது. விமானமும் அதுதான், வழியும் அதுதான். அப்படியானால் நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

"இது என்ன பெரிய விஷயம்? கால்மணி அரைமணி முன்பின்னாகத்தான் இருக்கும்" என்று நீங்கள் நினைக்கலாம். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது சரியாகத் தெரியாத காலத்தில், அதே வழியில் சென்ற ஒரு விமானம் பதினொரு பேரோடு மறைந்து போயிற்று. ஐம்பது ஆண்டுகள் அது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கதைக்கு வருமுன், நம்மிடம் உள்ள கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் தூரம்

வான்வழித் தூரத்தை அறிய ஸ்கேல் கொண்டு படத்தை அளக்க வேண்டியதில்லை. நகரங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் போதும். புவனோஸ் அயர்ஸ் இருப்பது தெற்கு 34.6 பாகை, மேற்கு 58.4 பாகை. சான்டியாகோ இருப்பது தெற்கு 33.4 பாகை, மேற்கு 70.7 பாகை.

பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. அதை 360 பாகைகளாகப் பிரித்தால் ஒரு பாகைக்கு 111 கி.மீ. வருகிறது. வடக்கு தெற்காக எங்கே அளந்தாலும் இதே கணக்குதான். இரு நகரங்களின் அட்சரேகை வித்தியாசம் 1.2 பாகை. எனவே வடக்கு தெற்குத் தூரம் 1.2 × 111 = 133 கி.மீ.

கிழக்கு மேற்குத் தூரத்தில் ஒரு சிக்கல் உண்டு. தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டில் ஒன்றுக்கொன்று மிக விலகியும், துருவங்களில் ஒன்றுகூடியும் இருக்கின்றன. ஆரஞ்சுப் பழத்தின் சுளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அகலம், முனையில் கூர்மை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்றால், 34 பாகை அட்சரேகையில் அது குறைந்துவிடும். எவ்வளவு குறையும் என்பதை 34 பாகையின் கொசைன் மதிப்பு சொல்லும். அது 0.83. எனவே 111 × 0.83 = 92 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 12.3 பாகை. ஆகவே கிழக்கு மேற்குத் தூரம் 12.3 × 92 = 1,132 கி.மீ.

இப்போது நம்மிடம் ஒரு செங்கோண முக்கோணம் இருக்கிறது. ஒரு பக்கம் 1,132, மற்றொன்று 133. பித்தகோரஸ் தேற்றப்படி கர்ணத்தைக் கண்டுபிடித்தால் 1,140 கி.மீ. வருகிறது. இதுவே இரு நகரங்களுக்கும் இடையேயான வான்வழித் தூரம்.

எல்லாத் தூரத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா? பொருந்தாது. ஆயிரம் கி.மீ. அளவில் பூமியின் வளைவு நம்மை அதிகம் ஏமாற்றுவதில்லை. தூரம் கூடினால் ஏமாற்றிவிடும். சான்டியாகோவின் அட்சரேகையும் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்றே. தீர்க்கரேகை வித்தியாசம் 138 பாகை. அட்சரேகையை ஒட்டியே நேர் மேற்காகப் பறந்தால் 138 × 92, அதாவது ஏறத்தாழ 12,700 கி.மீ. ஆகும். ஆனால் உலக உருண்டையை எடுத்து, இரு நகரங்களையும் ஒரு நூலால் இணைத்து, நூலை விறைப்பாக இழுத்துப் பாருங்கள். நூல் தானாகவே தெற்கே நழுவி, 60 பாகைக்கும் அப்பால் சென்று, அண்டார்டிகாவை எட்டிப் பார்த்துவிட்டு மேலே ஏறும். அந்த வழியின் நீளம் ஏறத்தாழ 11,340 கி.மீ. தான். தட்டையான படத்தில் வளைந்து நீண்டதாகத் தெரிவதுதான் உருண்டையில் குறுகிய வழி. இதற்குப் 'பெருவட்டப் பாதை' என்று பெயர்.

அடுத்து வேகம்

ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 800 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1,140 கி.மீ. தூரத்தை 800ஆல் வகுத்தால் ஏறத்தாழ 85 நிமிடம். புறப்படுமுன் ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, இறங்குமுன் வரிசையில் காத்திருப்பது ஆகியவற்றுக்காக அரைமணி முக்கால்மணி சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இவை போகும்போதும் உண்டு, வரும்போதும் உண்டு. நம் புதிருக்கு இது விடையாகாது.

விடை 'வேகம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. எதைப் பொறுத்த வேகம்?

ஆற்றில் படகு விடுகிறவரைக் கேளுங்கள். நின்ற நீரில் மணிக்கு 6 கி.மீ. போகும் படகு, மணிக்கு 2 கி.மீ. ஓடும் ஆற்றில் நீரோட்டத்தோடு போனால் கரையைப் பொறுத்து 8 கி.மீ. வேகம், எதிர்த்துப் போனால் 4 கி.மீ. வேகம். படகோட்டி துடுப்புப் போட்டது இரண்டு முறையும் ஒரே மாதிரிதான். மாறியது நீரோட்டத்தின் உதவி.

விமானமும் அப்படியே. அது காற்று என்னும் ஆற்றில் மிதந்து செல்லும் படகு. அதன் எஞ்சின்கள் தருவது காற்றைப் பொறுத்த வேகம். இதைக் 'காற்று வேகம்' எனலாம். நகரங்களோ தரையில் இருக்கின்றன. நாம் எப்போது போய்ச் சேருவோம் என்பதைத் தீர்மானிப்பது தரையைப் பொறுத்த வேகம். இது 'தரை வேகம்'. காற்று பின்னாலிருந்து வீசினால் இரண்டையும் கூட்ட வேண்டும். எதிரே வீசினால் கழிக்க வேண்டும்.

ஆண்டிஸ் மலைக்கு மேலே, ஜெட் விமானம் பறக்கும் உயரத்தில், காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. அதன் வேகம் மணிக்கு 150 கி.மீ. என்று கொள்வோம். சான்டியாகோவுக்குப் போகும்போது தரை வேகம் 800 − 150 = 650; நேரம் 105 நிமிடம். திரும்பும்போது 800 + 150 = 950; நேரம் 72 நிமிடம். வித்தியாசம் 33 நிமிடம்! கால அட்டவணையின் புதிர் அவிழ்ந்துவிட்டது.

இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போகும்போது இழந்ததைத் திரும்பும்போது ஈடுகட்டிவிட்டோம் என்று தோன்றுகிறதல்லவா? கூட்டிப் பாருங்கள். காற்றே இல்லாவிட்டால் போகவர 171 நிமிடம். காற்று இருந்தால் 105 + 72 = 177 நிமிடம். ஆறு நிமிடம் நஷ்டம். எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் நீண்ட நேரம் இருக்கிறது; பின்காற்றில் வேகமாகப் போவதால் அந்த உதவியைக் குறைந்த நேரமே அனுபவிக்கிறது. ஆகவே கணக்கு ஒருபோதும் சரிக்குச் சரி ஆவதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். விமானம் மெதுவானதாக இருந்தால் காற்றின் கை ஓங்கிவிடும். காற்று வேகம் மணிக்கு 400 கி.மீ. மட்டுமே உள்ள பழைய விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்றில்லாதபோது அது இந்த வழியைக் கடக்க 2 மணி 51 நிமிடம் ஆகும். 150 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் தரை வேகம் 250 தான். நேரம் 4 மணி 34 நிமிடம். ஜெட் விமானத்துக்கு 20 நிமிடத் தாமதம் செய்த அதே காற்று, இதற்கு 1 மணி 43 நிமிடத் தாமதம் செய்துவிட்டது. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பழைய கதைக்கு வாருங்கள்.

இன்னும் நான்கு நிமிடம்

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் தேதி. 'ஸ்டார் டஸ்ட்' என்ற பெயர் கொண்ட லங்காஸ்டிரியன் ரக விமானம் புவனோஸ் அயர்ஸிலிருந்து சான்டியாகோவுக்குப் புறப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தைப் பயணிகளுக்காக மாற்றியமைத்ததுதான் அது. விமானத்தில் ஆறு பயணிகள், ஐந்து ஊழியர்கள்.

மலைக்கு மேல் வானிலை மோசமாக இருந்தது. மேகத்துக்கு மேலே போய்விட விமானம் 24,000 அடி, அதாவது ஏறத்தாழ 7,300 மீட்டர் உயரத்துக்கு ஏறியது. கீழே தரை தெரியவில்லை. இன்றுபோல் இடத்தைச் சொல்லும் செயற்கைக்கோள்கள் அன்று கிடையாது. முதல் செயற்கைக்கோளே 1957இல்தான் ஏவப்பட்டது. தரை தெரியாதபோது மாலுமிக்கு இருந்த பெரிய துணை நாம் மேலே போட்ட கணக்குதான். வேகத்தை நேரத்தால் பெருக்கு. வரும் தூரத்தைப் படத்தில் குறி. நாம் எங்கே இருக்கிறோம் என்று அறிந்துகொள்.

மாலை 5.41 மணிக்கு விமானத்திலிருந்து மோர்ஸ் தந்தி மூலம் செய்தி வந்தது: 5.45க்குச் சான்டியாகோ வந்து சேருகிறோம். இன்னும் நான்கே நிமிடம். செய்தியின் கடைசியில் 'ஸ்டெண்டெக்' என்று ஒரு பொருள் விளங்காத சொல்லும் வந்தது. சான்டியாகோ நிலையத்தார் கேட்டபோது அதே சொல் மீண்டும் வந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. விமானம் வரவேயில்லை. தேடியவர்கள் ஒரு துண்டுத் தகரம்கூடக் காணவில்லை.

1998இல், மலையேறும் அர்ஜென்டினர் இருவர் டுபுங்காட்டோ சிகரத்தின் பனியாற்றில் ஓர் எஞ்சினின் சிதைவுகளைக் கண்டார்கள். 2000ஆம் ஆண்டில் அர்ஜென்டினா ராணுவக் குழு அங்கே சென்று மற்ற பாகங்களையும் கண்டெடுத்தது. டுபுங்காட்டோ 6,500 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள சிகரம். அது சான்டியாகோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அதாவது, மலையைத் தாண்டிவிட்டோம் என்று எண்ணியவர்கள் மலையைத் தாண்டவேயில்லை.

கிடைத்த பாகங்கள் கதை சொல்லின. எஞ்சின் மோதும்வரை நன்றாகவே ஓடியிருக்கிறது என்பதை வளைந்த விசிறி காட்டியது. சக்கரங்கள் உள்ளே மடங்கியே இருந்தன. எனவே விமானம் பழுதாகி விழவில்லை. கட்டுப்பாட்டோடு பறந்துகொண்டிருந்தபோதே மலையில் மோதியிருக்கிறது. விழுந்ததைப் பனிச்சரிவு மூடியிருக்க வேண்டும். பனி இறுகிப் பனியாறாகி, சிதைவுகளைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கீழே நகர்ந்து, ஐம்பது ஆண்டுக்குப் பின் வெளியே தள்ளியது.

பிழை எங்கே நேர்ந்தது? விசாரித்தவர்கள் விமானியைக் குற்றவாளி ஆக்கவில்லை. பொருத்தமாகத் தோன்றும் விளக்கம் இதுதான்: விமானம் ஏறிய உயரத்தில் பலத்த எதிர்க்காற்று அடித்திருக்கிறது, மேகத்துக்கு மேலே இருந்தவர்களுக்கு அதன் முழு வலிமை தெரியவில்லை. கணக்கில் சேராத காற்று மணிக்கு 80 கி.மீ. என்றால், ஒரே மணி நேரத்தில் 80 கி.மீ. பிழை வந்துவிடும். காகிதத்தில் சான்டியாகோ நெருங்கிவிட்டது. வானத்தில் சிகரம் இன்னும் முன்னால் இருந்தது.

வானத்து ஆறு

இவ்வளவு பலமான காற்றை அன்று யாரும் அறியவில்லையா? ஒருவர் அறிந்திருந்தார். ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓயிஷி 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை நகரும் விதத்தைத் தொலைநோக்கியால் அளந்து, மேல் வானத்தில் மிக வேகமான மேற்குக் காற்று வீசுவதைக் கண்டார். உலகத்தார் எல்லாரும் படிக்க வேண்டும் என்று தம் அறிக்கையை எஸ்பரான்டோ என்னும் பொது மொழியில் வெளியிட்டார். ஆனால் அந்த மொழியைப் படித்தவர்கள் மிகச் சிலரே! இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்க விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் திணறிய பிறகே பலரும் அதை ஆராயத் தொடங்கினார்கள். அதற்கு 'ஜெட் ஸ்ட்ரீம்' என்ற பெயர் நிலைத்தது. தமிழில் தாரைக் காற்று எனலாம்.

அது ஏன் மேற்கிலிருந்து வீசுகிறது? நிலநடுக்கோட்டுப் பக்கம் காற்று சூடாக இருப்பதால் விரிந்து உயரமாக நிற்கிறது. துருவப் பக்கம் குளிரால் சுருங்கித் தாழ்ந்து நிற்கிறது. ஆகவே மேல் வானத்தில், சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குக் காற்று சரியப் பார்க்கிறது. பூமி சுழல்வதால் அதன் பாதை திரும்பிவிடுகிறது. தென் அரைக்கோளத்தில் காற்று இடப்பக்கம் திரும்பும். தெற்கே முகம் வைத்து நின்று பாருங்கள். உங்கள் இடக்கை கிழக்கைக் காட்டும். வட அரைக்கோளத்தில் வலப்பக்கம் திரும்பும். வடக்கே பார்த்து நின்றால் வலக்கையும் கிழக்கையே காட்டும். எனவே இரண்டு அரைக்கோளத்திலும் இந்தக் காற்று கிழக்கு நோக்கியே ஓடுகிறது. குளிர்காலத்தில் வெப்ப வித்தியாசம் கூடுவதால் காற்றும் வலுக்கும். ஆகஸ்டு மாதம் தென் அரைக்கோளத்தில் குளிர்காலம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எதிரியாக வந்த காற்று நண்பனாகவும் வரும். 2020 பிப்ரவரியில், அட்லாண்டிக் மேலே புயல் வீசிய நாளில், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்த போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தூரம் ஏறத்தாழ 5,540 கி.மீ. வகுத்துப் பாருங்கள், சராசரி மணிக்கு 1,120 கி.மீ.க்கு மேல் வரும். அந்த உயரத்தில் ஒலியின் வேகமே 1,060 கி.மீ. அளவுதான். அப்படியானால் அது ஒலியை முந்திவிட்டதா? இல்லை. ஒலியும் அந்தக் காற்றில்தானே போகிறது! காற்றைப் பொறுத்து விமானம் ஒலியைவிட மெதுவாகவே பறந்தது. காற்று அதைச் சுமந்துகொண்டு ஓடியது.

இன்று உலகெங்கும் வானிலை நிலையங்கள் தினமும் பலூன்களை ஏற்றி மேல் காற்றை அளக்கின்றன. செயற்கைக்கோள்களும், பறந்துகொண்டிருக்கும் விமானங்களும்கூடச் செய்தி அனுப்புகின்றன. அவற்றைக் கொண்டு ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகக் காற்றுக் கணக்குப் போட்டு, அதற்கேற்ப எரிபொருள் நிரப்புகிறார்கள். ஏனெனில் எஞ்சின் எரிபொருளைச் செலவழிப்பது கடந்த தூரத்தைப் பார்த்து அன்று. ஓடிய நேரத்தைப் பார்த்தே. இறங்க முடியாமல் வேறு நிலையம் போக நேர்ந்தால் அதற்கும், அதன் பிறகு ஜெட் விமானம் வானில் அரைமணி சுற்றுவதற்கும் போதுமான எரிபொருளைக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

செய்து பாருங்கள்

1. காற்று வேகம் மணிக்கு 570 கி.மீ. உள்ள விமானம், மணிக்கு 190 கி.மீ. மேற்குக் காற்றில் புவனோஸ் அயர்ஸிலிருந்து சான்டியாகோ போய்த் திரும்புகிறது. போக எவ்வளவு நேரம்? வர எவ்வளவு? காற்றே இல்லாவிட்டால் மொத்தம் எவ்வளவு?

2. ஜூன் மாதத்தில் சான்டியாகோ கடிகாரம் புவனோஸ் அயர்ஸ் கடிகாரத்தைவிட ஒரு மணி பின்தங்கி இருக்கும். காலை 10.00க்குப் புறப்பட்ட விமானம் சான்டியாகோ நேரப்படி 11.20க்குச் சேர்ந்தது. உண்மைப் பயண நேரம் என்ன?

3. உங்களுக்குத் தெரிந்த இரு நகரங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் படத்தில் பார்த்து, வான்வழித் தூரத்தைக் கணக்கிடுங்கள். பிறகு உலக உருண்டையில் நூல் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். எவ்வளவு தூரத்துக்கு மேல் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று குறித்து வையுங்கள்.

விடைகள்: 1. போக 3 மணி, வர ஒன்றரை மணி. காற்று இல்லாவிட்டால் மொத்தம் 4 மணி. காற்று தின்றது அரைமணி. 2. 2 மணி 20 நிமிடம். 3. இதன் விடை உங்கள் நூலில் இருக்கிறது.